சுங்கை சிப்புட்டில் பென்சிலும் கையுமாக: வேகமாக வரையப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் ஓவிய வகுப்பு எங்கே என்று விசாரித்தால் ஈப்போ பக்கம் கை காட்டுவார்கள். அங்கே போய்ப் பார்த்தால் முக்கால்வாசி குழந்தைகளுக்கு வர்ணம் தீட்டச் சொல்லித்தரும் வகுப்பு. யூடியூபைத் திறந்தால் ஐரோப்பிய காப்பிக் கடையும் இலையுதிர்கால மரமும்தான் வருகின்றன. நம் ஊர் மோட்டார் சைக்கிளையும், சாலையோர ஒட்டுக்கடையில் பேப்பர் படிக்கும் பெரியவரையும், பால்மர (ரப்பர் மர) நிரையையும் ஐந்து நிமிடத்தில் காகிதத்தில் பிடிப்பது எப்படி என்று சொல்ல ஆளில்லை. தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் காசையும் நேரத்தையும் இவ்வளவு வீணாக்க வேண்டியதில்லை.

முன்னதாக ஒன்று. வேகமாக வரைகிறவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள், நிதானமாகத்தான் நகரும். கண்ணில் படுவதில் பாதியை அவர்கள் வரைவதே இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் எதை விடுவது என்பதுதான் பாடம்.

1. சாமான் வாங்குவது: 20 வெள்ளியை (ரிங்கிட்) தாண்ட வேண்டாம்

2பி பென்சில் இரண்டு, 4பி அல்லது 6பி ஒன்று. இதுதான் பட்டியல். பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வில் விடைத்தாளைக் கருப்பாக்க 2பி வேண்டும் என்பதால், நம் ஊரில் எந்த ஸ்டேஷனரி கடைக்குப் போனாலும் 2பி கிடைக்கும். ஒன்று ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். 4பி, 6பி சில சமயம் இங்கே இருக்காது. ஈப்போவுக்குப் போகும்போது ஸ்டெட்லர் லூமோகிராஃப் அல்லது ஃபேபர்-காஸ்டெல் 9000 ஒன்றே ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 முதல் 5 வெள்ளி ஆகும். எண் கூடக்கூட ‘பி’ பென்சில் மென்மையாகவும் கருப்பாகவும் இருக்கும். ‘எச்’ பென்சில்கள் கடினமானவை, கோடு வெளிறியிருக்கும். பிளான் வரைபவர்களுக்கு அவை சரி, நமக்கு வேண்டாம். தகர டப்பாவில் 24 பென்சில் வரும் செட்டில் பாதி ‘எச்’ வகையாக இருந்தால் அந்தப் பாதிக் காசு போனதுதான்.

காகிதத்துக்கு, போட்டோஸ்டேட் கடையில் சாதாரண 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) ஏ4 தாள் ஐம்பது கேளுங்கள், சில வெள்ளிக்குக் கொடுப்பார்கள். அதோடு ஒரு கிளிப் வைத்த அட்டை. முதல் மாதத்துக்கு இது தாராளம். தோல் அட்டை போட்ட அழகான ஸ்கெட்ச் புத்தகத்தை இப்போதே வாங்கினால், முதல் பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்திலேயே அது அலமாரியில் கிடக்கும். கை ஓடத் தொடங்கிய பிறகு 100 ஜிஎஸ்எம்முக்கு மேல் உள்ள ஏ5 புத்தகம் ஒன்று வாங்கலாம். அதுவும் முதுகில் கம்பிச்சுருள் போட்டதாக இருந்தால் மடியில் மடக்கி வைக்க வசதி.

0.5 மெக்கானிக்கல் பென்சில் கையில் இருந்தால் அதை ஆபீசிலேயே விட்டுவிடுங்கள். ஒரே தடிமனில் கோடு வரும், கண் இமை வரைக்கும் வரையச் சொல்லி இழுக்கும். அழிப்பானையும் வீட்டிலேயே வையுங்கள். அது பையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதற்கே போய்விடும். கோடு தப்பானால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

பென்சிலைத் துருவியில் சீவாமல் கட்டரால் சீவப் பழகுங்கள். முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் சாய்த்துப் பிடித்து அகலமான கருப்பு போட முடியும். அப்புறம் நம் ஊர் ஈரக்காற்று. மழை நாளில் தாள் நமத்துப்போய் பென்சில் வழுக்கும். தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், போதும்.

2. முதல் வாரம் வாசற்படியைத் தாண்டாதீர்கள்

எடுத்ததும் சந்தைக்குப் போய் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மனம் விட்டுப்போகும். வீட்டில் ஆடாமல் அசையாமல் இருக்கும் பொருளில் தொடங்குங்கள். வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள், ரைஸ் குக்கர், கொடியில் தொங்கும் துண்டு, தேநீர்க் குவளை.

கைப்பேசியில் டைமர் வையுங்கள். ஒரு பொருளை முதலில் ஒரு நிமிடம், பிறகு புதுத் தாளில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், ‘இன்னும் கொஞ்சம்’ கூடாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் இந்த மூன்று சுற்றையும் இரண்டு மூன்று பொருளுக்குச் செய்துவிடலாம்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பொருளின் மொத்த வெளிவடிவம், பெட்டியா, முட்டையா, முக்கோணமா என்று மெல்லிய கோட்டில். அடுத்தது சாய்வு. எது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது? மூன்றாவது, கண்ணைச் சுருக்கிப் பார்த்து மிகக் கருப்பான இடம் எதுவோ அதில் 4பியை அழுத்திப் போடுவது. நேரம் மிஞ்சினால்தான் விவரம். ஒரு நிமிட ஓவியத்தில் விவரமே இருக்காது, இருக்கவும் கூடாது.

தே தாரிக் (நுரை வர ஆற்றிய தேநீர்) குவளை ஒன்றை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். மேசையில் வைத்த குவளையின் வாய் உங்களுக்கு வட்டமாகத் தெரியாது, தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகமும் நீள்வட்டம்தான். ஆனால் வாய் உங்கள் கண்ணின் மட்டத்துக்கு அருகே இருப்பதால் அது ஒடுங்கியிருக்கும், அடிப்பாகம் இன்னும் கீழே இருப்பதால் கூடுதலாகத் திறந்திருக்கும். புதியவர்கள் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுவார்கள். மேசைமேல் குவளை ஒட்டாமல் தொங்குவது அதனால்தான். நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் கூர்மையாக முடியக்கூடாது, வளைந்து திரும்ப வேண்டும். பென்சில் தாளைத் தொடாமல் காற்றில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அதே ஓட்டத்தில் தாளில் இறக்குங்கள். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கை அசைந்தால் வளைவு தானாக வரும். நுரையை வரையாதீர்கள், அது வெள்ளைத் தாளாகவே இருக்கட்டும். தேநீரின் நிறத்தை மட்டும் போட்டால் நுரை தானே தெரியும்.

3. அளவு பிடிப்பது: கப்சாய் மோட்டாரில் பழகலாம்

கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பொருளின் உச்சியிலும் கட்டைவிரலை அடியிலும் வையுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். அதே நீளம் அகலவாக்கில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் கணக்கு மாறிவிடும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பழக நல்ல பொருள் ஹோண்டா ஈஎக்ஸ்5, கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள். எந்த வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரண்டு டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இன்னொரு சக்கரத்தை வைத்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும். மனத்தில் உள்ள மோட்டார் இப்படி இருக்காது. மனத்திலிருந்து வரைந்தால் சக்கரம் சின்னதாகி, உடம்பு நீண்டு, ஆளை ஏற்றவே முடியாத ஏதோ ஒன்று வரும். முதலில் இரண்டு சக்கரம், பிறகு இரண்டின் மையத்தையும் சேர்க்கும் கோடு, பிறகு சீட்டின் கோடு, ஹேண்டிலின் சாய்வு. என்ஜினில் உள்ள குழாயும் நட்டும் எண்ணற்றவை. அதையெல்லாம் ஒரே கருப்புத் திட்டாகப் போட்டுவிடுங்கள், பார்ப்பவர்கள் என்ஜின் என்றே படித்துக்கொள்வார்கள்.

4. எங்கே, எந்த நேரத்தில்

நம் நாட்டில் நடுப்பகல் வெயிலில் பொருளின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். எல்லாம் தட்டையாகத் தெரியும், வரைவதும் கஷ்டம், உட்காருவதும் கஷ்டம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை, மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை, இந்த இரண்டு நேரம்தான் நல்ல நேரம். பிற்பகலில் பெரும்பாலும் மழை இறங்கும். அதற்குக் கடைவீதியின் காக்கி லீமா, அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைபாதை இருக்கிறது. கூரையும் உண்டு, சாய்ந்துகொள்ளத் தூணும் உண்டு. தூண் வரிசை தூரத்தில் போகப்போகச் சிறுத்து நெருங்குவதைப் பழகவும் அதைவிட நல்ல இடமில்லை.

ஒட்டுக்கடையில் உட்காருவதாக இருந்தால் ஞாயிறு காலைப் பசியாறும் கூட்டத்திலும் மதிய உணவு நேரத்திலும் போகாதீர்கள். ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரருக்கு நஷ்டம். பத்தரை மணிக்குப் போனால் மேசை காலியாக இருக்கும். மூலை மேசை, முதுகுக்குப் பின்னால் சுவர். பின்னால் வந்து எட்டிப் பார்க்க இடம் இருக்கக்கூடாது.

பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தை) இரவில் போய் வரைகிறேன் என்று கிளம்பாதீர்கள், நெரிசலும் பளீர் விளக்கும் சேர்ந்து ஒன்றும் நடக்காது. மாலையில் கடை போடும் நேரத்தில் போங்கள். குடையை விரிப்பது, வேன் பின்கதவைத் திறந்து பெட்டி இறக்குவது, மேசை அடுக்குவது எல்லாம் அப்போதுதான்.

என் கணக்கில் முதலிடம் முடிவெட்டும் கடைக்குத்தான். நாற்காலியில் இருப்பவர் கால் மணி நேரம் அசையமாட்டார், அசைந்தால் கத்தரி சும்மா விடாது. துணி போர்த்தியிருப்பதால் உடம்பு ஒரே பெரிய முக்கோணம். காத்திருக்கும் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். கிளினிக்கில் காத்திருக்கும் நேரத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் நோயாளிகளின் முகம் வேண்டாம். நாற்காலி வரிசை, பை, குடை, செருப்பு போதும்.

5. ஆட்கள்

நடந்து போகிறவரைத் துரத்தி வரையாதீர்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவரைப் பிடியுங்கள். ரொட்டி சானாய் போடுபவர் மாவைத் தட்டுவார், வீசுவார், மடிப்பார், கல்லில் போடுவார், மறுபடி தட்டுவார். ஒரு தாளில் நான்கு உருவத்தைத் தொடங்குங்கள். அவர் எந்த நிலைக்கு வருகிறாரோ அந்த உருவத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போங்கள். பத்து நிமிடத்தில் நான்கும் உருவாகிவிடும்.

நிற்கும் ஆளுக்குத் தலை முதல் கால் வரை ஏறக்குறைய ஏழு, ஏழரை தலை உயரம். சின்னக் குழந்தைக்கு நான்கு ஐந்துதான். புதியவர்கள் தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் தாளின் விளிம்பில் முட்டிக்கொள்வார்கள். எனவே தலையையும் பாதத்தையும் முதலில் குறித்துவிடுங்கள். ஒரு காலில் எடையைப் போட்டு நிற்பவரின் கழுத்துக் குழி, அந்தக் காலின் பாதத்துக்கு நேர்மேலே இருக்கும். இது தவறினால் ஆள் விழப்போவதுபோல் தெரிவார். கண், மூக்கு, விரல் எதுவும் வேண்டாம். தோளின் சாய்வும் சட்டை மடிப்பும் இருந்தால் ஊர்க்காரர் ஆளை அடையாளம் சொல்லிவிடுவார், முகமே தேவையில்லை.

6. கேள்வி கேட்பார்கள், தயாராகப் போங்கள்

நகரத்தில் வரைவதற்கும் இங்கே வரைவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு கடைகளை மாறி மாறிப் பார்த்தால், அங்காடிக்காரர்களுக்கு வரும் முதல் சந்தேகம் “மஜ்லிஸ்ல இருந்து வந்திருக்கீங்களா?” என்பது. அபராதம் போட வந்த நகராண்மைக் கழக ஆள் என்றுதான் நினைப்பார்கள். எனவே பென்சிலை எடுப்பதற்கு முன்னால் ஏதாவது வாங்குங்கள், ஒரு வார்த்தை பேசுங்கள். “அண்ணே, பழகுறதுக்காக வரையிறேன், கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா?” என்றால் மறுத்தவர் குறைவு. சீனர் கடையிலும் மலாய்க்காரர் கடையிலும் “போலே லுகிஸ் சினி?” (இங்கே வரையலாமா?) போதும். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துவிட்டு வரையத் தொடங்கினால்தான் வம்பு வரும், அதை வைரலாக்கிவிடுவீர்களோ என்று பயப்படுவார்கள்.

யாராவது எட்டிப் பார்த்தால் தாளை மூடாதீர்கள், திருப்பிக் காட்டுங்கள். மூடினால்தான் சந்தேகம். “என்ன தம்பி, மூக்கக் காணோம்” என்பார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். அடுத்து நிச்சயம் வருவது “என்னையும் வரைங்களேன்”. ஐந்து நிமிடம்தான், முகச்சாடை வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டு வரையுங்கள். மகளின் கல்யாணத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் படம் என்று பேச்சு வளர்ந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது வேறு தொழில். படத்தைக் கேட்டால் கொடுத்துவிடலாம், தாள்தானே. கொடுத்த பிறகு அந்தக் கடையில் உங்களுக்கு நிரந்தர இடம் கிடைக்கும்.

குழந்தைகளை வரையுமுன் பெற்றோரிடம் கேட்டே ஆகவேண்டும். பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியர் அனுமதி இல்லாமல் வேண்டாம். கோயிலில் நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை. கோபுரத்தில் எத்தனை நிலை என்று மட்டும் எண்ணிக்கொண்டு, சிலைகளைக் கருப்பும் வெள்ளையுமான புள்ளிகளாக விட்டுவிடுங்கள்.

சிவப்புப் பலகையில் துப்பாக்கி பிடித்தவர் படமும் ‘கவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) என்ற எழுத்தும் இருக்கும் இடத்தின் அருகே பென்சிலையே எடுக்காதீர்கள். வேலி அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

7. தோட்டத்துக்குள் போவதற்கு: கடிதம், நகல், ஒரு வாரம்

தோட்டம் தனியார் நிலம். பிறந்து வளர்ந்த இடமாக இருந்தாலும் இப்போது வாசலில் ஜாகா (காவலாளி) நிறுத்துவார். ஒரு பக்கக் கடிதம் மலாயில் எழுதுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை எண், மோட்டார் அல்லது காடியின் (கார்) எண், எந்தத் தேதி, எந்த நேரம், எத்தனை பேர், பென்சிலால் வரைவதற்கு மட்டும் என்ற குறிப்பு, தொடர்பு எண். அடையாள அட்டையின் நகலை இணைத்து, அதன் குறுக்கே ‘வரைவதற்கான அனுமதிக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள், நகல் வேறெங்கும் போகக்கூடாது. தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தர்) நேரில் கொடுங்கள். சம்பள நாளில் போகாதீர்கள், ஒருவரும் தலை நிமிரமாட்டார்கள். கையில் ஒரு வாரம் வைத்துக்கொண்டு கேளுங்கள். கட்டணம் என்று நான் எதுவும் கொடுத்ததில்லை. முத்திரை போட்டுத் திரும்பக் கொடுத்த கடிதத்தை அட்டையிலேயே செருகி வைத்தால் ஜாகாவிடம் நீட்ட வசதி. உள்ளே சொந்தக்காரர் இருந்தால் அவரோடு போவதே சுலபம்.

பால்மரம் வெட்டுவது, அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குவது, விடியுமுன் குளிர்ச்சியில் நடக்கும், அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆனால் அந்த இருட்டில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பால் எடுக்க வரும் முற்பகலில் போங்கள். மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும், ஏறக்குறைய 30 டிகிரி சாய்வு. அதன் முடிவில் பால் வடியும் கிண்ணமான மங்கு. இதைத் திருப்பி வரைந்தால் வெட்டுத் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வரும்போது மரங்கள் இலையை உதிர்த்துவிடும். கிளைகளின் போக்கு தெளிவாகத் தெரிவது அப்போதுதான். யூடியூபில் காட்டும் இலையுதிர்கால மரத்துக்கு ஆசைப்பட்டால் அந்தச் சமயத்தில் போகலாம்.

நிரையின் நடுவே நின்றால் இரண்டு பக்க மரங்களும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். அதை முதலில் குறித்துவிட்டு, கிட்டே இருக்கும் இரண்டு மரத்தை மட்டும் கருப்பாகப் போடுங்கள். மற்றவை வெறும் கோடு.

செம்பனையில் தண்டைச் சுற்றி வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டை அன்னாசிப் பழத்தின் மேல்தோல்போலச் சாய்ந்த வரிசையில் சுற்றிக்கொண்டு ஏறும். நான்கைந்து கட்டையை வரைந்து மற்றதை நிழலில் விட்டுவிடுங்கள். குலை வெட்டும் இடத்திலிருந்து தள்ளியே உட்காருங்கள். நீளக் கம்பில் மாட்டிய அரிவாளால் இழுக்கும்போது மட்டையும் குலையும் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, ஒரு குலை 20 கிலோ இருக்கும். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கொசு எண்ணெய். தரையில் உட்காராமல் மடக்கு ஸ்டூல் கொண்டுபோங்கள்.

8. வரைந்ததைக் காப்பாற்றுவது, துணை தேடுவது

ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி, இடம், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வலக்கைக்காரர்கள் இடப்பக்கத்திலிருந்து வரைந்து வந்தால் உள்ளங்கை கோட்டைத் தேய்க்காது. 6பி அதிகம் போட்ட படங்களுக்கு நடுவே வெற்றுத் தாள் வையுங்கள். கோடு கலையாமல் காக்கும் பிக்சேட்டிவ் ஸ்பிரே விலை கூடுதல், எல்லாப் படத்துக்கும் அடிக்க வேண்டியதில்லை. பிடித்த படங்களுக்கு மட்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே நின்று, ஒரு அடி தள்ளிப் பிடித்து, மெல்லிதாக இரண்டு முறை அடியுங்கள். படம் எடுத்து அனுப்ப வேண்டுமென்றால் இரவு விளக்கில் எடுக்காதீர்கள். காலையில் ஜன்னலோரம் வைத்து, உங்கள் நிழல் விழாமல் எடுங்கள்.

தனியாக வரைந்து சலித்துவிட்டால் அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுக்கள் இருக்கின்றன. 2007இல் சியாட்டிலில் தொடங்கிய இந்த அமைப்புக்குக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளைகள் உண்டு. இடத்திலேயே இருந்து, கண்ணால் பார்த்து வரைவதுதான் அவர்கள் விதி. பினாங்குக்கு ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறலாம். எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்காது, ரயில் நிறுவனமான கேடிஎம்மின் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போய்வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுங்கள். பெருநாள், தீபாவளி வாரங்களில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.